ஆடி முடியட்டும்

எங்கள் அப்பா ஓட்டிய பஸ் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அந்த வீட்டைத் தாண்டிப் போகும். தேனியிலிருந்து கம்பத்துக்கு நாலு நடை, கம்பத்திலிருந்து தேனிக்கு நாலு நடை. பழனிசெட்டிபட்டியின் கோடியில், ரோட்டிலிருந்து ஒரு வயல் தூரம் உள்ளே தள்ளி, ஓட்டுக் கூரையும் மஞ்சள் சுவருமாக அது இருந்தது. அந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள் அதற்கு நேரே வரும்போது அப்பா ரப்பர் ஹாரனை இரண்டு முறை அமுக்கினார். எதிரே வண்டியும் இல்லை, மாடும் இல்லை. “யாருக்குண்ணே ஹாரனு?” என்று கண்டக்டர் கேட்டதற்கு, “நம்ம வீட்டுக்குத்தேன்” என்றாராம். கண்டக்டர் இதை எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்க. கண்ணு பட்டுரப் போகுது” என்றாள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தேனியில் ஆறு குடித்தனங்கள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காம்பவுண்டில் நாலாவது கதவு எங்களுடையது. ஒரு குழாய், ஒரு கக்கூஸ். காலையில் இரண்டுக்கும் வரிசை நிற்க வேண்டும். அம்மா குழாய் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு மற்ற வரிசையில் என்னை நிறுத்துவாள். இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி வேறு. ஐந்தாவது கதவில் யாராவது தும்மினால் மூன்றாவது கதவில் ‘நூறு’ என்பார்கள். அப்படிப்பட்ட சுவர்கள்.

அந்த மஞ்சள் வீட்டுக்காரர் வாய்க்கால் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு இரண்டு முறை அப்பாவின் பஸ்ஸில்தான் சின்னமனூர் போய் வருவார். முழங்கால் வலி. மற்ற டிரைவர்கள் அவர் ஒரு காலைத் தரையில் வைத்ததுமே வண்டியை நகர்த்திவிடுவார்களாம். அப்பா மட்டும் அவர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, குடையை ஊன்றி நிற்கும்வரை காத்திருப்பாராம். இந்த ஒரு காரணத்துக்காக அவர் தன் வீட்டை அப்பாவுக்கு விற்க விரும்பினார். கோயம்புத்தூரில் இருந்த மகனோடு போய் இருந்துவிடுவதாக முடிவு செய்திருந்தார். “வெல கூடுதலாக் கேக்க மாட்டேன், டிரைவர் தம்பி. மரத்துக்குத் தண்ணி ஊத்துற ஆளு வேணும், அம்புட்டுத்தேன்” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடு பார்க்கப் போனோம். அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார், உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். அம்மா நேராகக் கொல்லைக்குப் போய்க் கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்பதை அவள் கண்ணால் கண்டு நம்ப வேண்டியிருந்தது. பிறகு அடுக்களையில் போய் நின்றவள்தான், வெகுநேரம் வெளியே வரவில்லை. மேற்கே பார்த்து ஒரு ஜன்னல். அதன் வழியாக வயலும் அதற்கப்பால் மலையும் தெரிந்தன. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் காலடி காலடியாக அளந்தாள். “ஆட்டுக்கல்லு இங்கன. அடுப்பு அங்கன. இல்ல, அங்கன வச்சா காத்துல தீ நிக்காது” என்று தனக்குத்தானே பேசினாள். கொல்லையில் மூன்று கொய்யா மரங்கள். ஓவர்சியர் வீட்டு ஆச்சி என் பாவாடை நிறையக் கொய்யாக் காய்களைக் கொட்டினார். உள்ளே சிவந்த ரகம். நான் எனக்கென்று ஒரு மூலையை மனசுக்குள் எடுத்துக்கொண்டேன். அங்கே வெறும் மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து படிப்பது என்று தீர்மானித்தேன். படிப்பில் எனக்கு அதற்கு முன்னால் அவ்வளவு ஆசை வந்ததில்லை.

திரும்பி வந்ததும் அப்பா நாளையே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றார். அம்மா சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். ஆடி பிறக்க இரண்டே நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் கரிநாள், அஷ்டமி என்று ஏதோ ஒன்று.

“ஆடி முடியட்டும். ஆவணியில மொத முகூர்த்தத்துல குடுப்போம். நாம என்ன தெனமுமா வீடு வாங்கப் போறோம்?”

“அதுக்குள்ள வேற யாராச்சும் கேட்டு வந்தா?”

“அவுகதேன் ஒங்களுக்குத்தேன்னு சொல்லிட்டாகள்ல.”

ஓவர்சியரிடம் கேட்டபோது அவரும், “நல்ல நாள் பாக்குறது நல்லதுதேன்” என்றார். எல்லோரும் நல்லவர்கள். அதனால் எதுவும் எழுதிக்கொள்ளப்படவில்லை.

எங்கள் பக்கத்து ஆடியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலைக் கணவாய் வழியாக அந்த மாதம் முழுக்கக் காற்று இறங்கும். கொடியில் போட்ட துணியை அடுத்த தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும். எழுதும் சிலேட்டில் மண் உட்காரும். அந்தக் காற்று மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு அந்த வீட்டைப் பற்றியதாகவே இருந்தது. ஆனால் வெளியே மூச்சு விடக்கூடாது என்று அம்மா எனக்குக் கட்டளை போட்டிருந்தாள். பத்து வயதுப் பெண்ணிடம் ஒரு வீட்டையே கொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாதே என்றால் எப்படி?

என் சிநேகிதி எஸ்தர் பஜாரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தவரின் மகள். மண்டிக்கு மேல் மாடியில்தான் அவர்கள் வீடு. அவளிடம் டைனமோ லைட் வைத்த சைக்கிள் இருந்தது, ஜியாமெட்ரி பெட்டி இருந்தது, மெட்ராஸில் ஒரு மாமா இருந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு நாள் அவள் அந்த மாமாவைப் பற்றி நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. “எங்களுக்குச் சொந்தமா வீடு இருக்கு. மூணு கொய்யா மரம் இருக்கு” என்றேன்.

“புளுகாத.”

“வா, காட்டுறேன்.”

சனிக்கிழமை மதியம், எஸ்தர் வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு கம்பம் ரோட்டில் நடந்தேன். காற்று எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. வழியில் அப்பாவின் பஸ் வருவது தெரிந்ததும் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் இருவரும் ஒளிந்துகொண்டோம். பஸ் போகும்போது இரண்டு முறை ஹாரன் கேட்டது. வீடு பக்கத்தில் வந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஆச்சி எங்களுக்குக் கொய்யா கொடுத்தார். எஸ்தர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இது இந்த ஆச்சி வீடு. ஒங்க வீடு இல்ல” என்றாள். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆச்சி எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, “ஆமாத்தா, இப்ப எங்க வீடுதேன். விக்கத்தேன் போறோம்” என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. எஸ்தர் கொய்யாவைக் கடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தபோது ஓவர்சியர் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பஸ்ஸில் ஏறவில்லை. டிரைவர் ஜன்னலுக்குக் கீழே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்ததாகவும், முழுத் தொகையோடு ஒரு ஆள் வந்ததாகவும், மகனே பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். “என் வாய்க்கு மருவாதி இல்லாமப் போச்சு, தம்பி” என்று சொல்லிவிட்டு அழுதாராம். கண்டக்டர்தான் பிறகு சொன்னார். அப்பா இறங்கி வந்து அவரை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நேரமாகிவிட்டதால் வண்டியை எடுத்தாராம். அன்று மிச்ச நடைகளையும் ஓட்டினார். ஹாரன் அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அம்மாவிடம், “அந்த வீடு போயிருச்சு” என்றார். அம்மா கையில் சோற்றுக் கரண்டி இருந்தது. “எந்த வீடு?” என்று கேட்டாள். நாங்கள் வேறு எந்த வீட்டைப் பற்றியும் ஒரு மாதமாகப் பேசியிருக்கவில்லை.

யார் வாங்கினார்கள் என்று எனக்கு மறுநாளே பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. எஸ்தர் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மாவுக்கு மிளகாய் நெடியில் இழுப்பு வந்து ரொம்ப நாளாகக் கஷ்டம், பஜாருக்கு வெளியே வீடு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “நீ காட்டுனியே, அந்த வீட்டத்தேன் அப்பா வாங்கிட்டாக! நீ எப்ப வேணாலும் வரலாம்!” அவர்கள் வேதக்காரர்கள். ஆடி அவர்களுக்கு மற்ற மாதங்களைப் போல ஒரு மாதம். எஸ்தர் என்னை ஏமாற்றவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அவள்மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

பிறகு வந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தடவை பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து வந்தேன். பழனிசெட்டிபட்டிக் கோடி வந்ததும் அவர் கண் மஞ்சள் வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கத்து நெல் வயலில் நின்றது. கண்டக்டரிடம், “அன்னைக்கே வெத்தலையில ஒரு ரூவாய வச்சு அவர் கையில குடுத்திருக்கணும். நாந்தேன் கோட்டை விட்டேன்” என்றார். கண்டக்டர், “விடுங்கண்ணே” என்றார். அநேகமாகப் பலமுறை சொல்லிய விடுங்கண்ணே.

அம்மா நாள்காட்டியில் தாள் கிழிப்பதை நிறுத்திவிட்டாள். ஆவணி பாதி போன பிறகும் அது ஆடி இருபத்து மூன்றிலேயே நின்றது. அதுவரை ராகுகாலத்தில் மாவு மில்லுக்குக்கூடப் போகாதவள், இப்போது நேரம் பார்க்காமல் எங்கும் போனாள். கொஞ்சம் வேண்டுமென்றே போவது போலிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கவளத்தில் எழுந்துவிடுவாள்.

இதற்கெல்லாம் நடுவில் சின்னமனூரிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். காம்பவுண்டுக் குழாயடியில் ஆறு வீட்டுப் பெண்களும் நிற்கையில் சொன்னார்: “ஆடி ஆடின்னு ஒரு வீட்டையே காத்துல விட்டுட்டாளே எந்தம்பி பொண்டாட்டி!”

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “ஆமா மதினி, எம்புத்திதேன்” என்றாள்.

நான் அங்கேதான் நின்றேன். அம்மா இல்லை, நான்தான் என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அன்று மாலை எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டும் மூன்று நாள் விடவில்லை. அம்மா என் நெற்றியில் ஈரத்துணி போடும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து அவள் தண்ணீர் கொடுப்பாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் சொன்னேன். அம்மா துவைத்துக்கொண்டிருந்தாள். தம்பி மணலில் உட்கார்ந்து மணலைத் தின்றுகொண்டிருந்தான். புளியமரம், பஸ், கொய்யா, ஆச்சி சொன்னது, எஸ்தர் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அம்மா அப்பாவின் காக்கிச் சட்டையைக் கல்லில் அடிப்பதை நிறுத்தவே இல்லை. நான் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அடித்தாள். அந்தச் சட்டையில் அவ்வளவு அழுக்கு இல்லை.

“இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத.”

“அப்பாட்ட?”

“அப்பாட்டயும் வேணாம். அத்தைகிட்ட மூச்சே விடக்கூடாது. வெளங்குதா?”

அப்புறம் என்னைத் தண்ணீருக்குள் இழுத்து உட்கார வைத்துச் சீயக்காய் தேய்த்தாள். கண்ணெல்லாம் எரிய எரியத் தேய்த்தாள். அதுதான் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவோடு முடிந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டேன். அம்மாவும் சாப்பிட்டாள்.

அந்த ஆடிக் கதை எங்கள் குடும்பத்தில் அப்படியே நிலைத்துவிட்டது. அல்லிநகரத்தில் நாங்கள் ஒரு சின்ன வீடு கட்டிக் குடிபோக ஒன்பது வருடம் ஆனது. அந்தப் புதுமனைப் பந்தலிலும் அத்தை அதைச் சொன்னார். என் கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களிடம், “பொண்ணு ராசிக்காரி. ஆத்தாகாரிதேன் கொஞ்சம் வெவரம் பத்தாது, ஒரு வீட்டையே விட்டவ” என்று சொன்னபோது அம்மா காப்பித் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

நான் சொல்ல வந்தது அந்த ஆவணியின் கடைசியில் நடந்தது. எஸ்தரின் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அப்பாவிடம், நீங்கள் பேசி வைத்திருந்தது தெரியாமல் போய்விட்டது என்று வருத்தப்பட்டார். “அதுக்கென்ன அண்ணாச்சி, யாருக்குப் பிராப்தமோ அவுகளுக்கு” என்று அப்பா சொன்னார். அவர் வீட்டுக்கு ஜெபம் வைத்துக் குடிபுகும் நாளுக்கு எங்களைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு டியூட்டி இருந்தது; இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். அம்மா போகத்தான் வேண்டும் என்றாள். எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று வாங்கினாள். தம்பியைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டாள். அப்படி என்ன அரண்மனை என்று பார்க்க அத்தையும் வந்து சேர்ந்துகொண்டார்.

போதகர் ஜெபம் செய்து முடித்ததும் பெண்கள் அடுக்களைக்குப் போனார்கள். எஸ்தரின் அம்மா மெலிந்த, மெதுவாகப் பேசுகிற பெண். எதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாமான்களுக்கு நடுவில் நின்றார். அம்மா தூக்குவாளியைக் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

“அடுப்ப அந்த ஜன்னலுக்கு நேரா வச்சுறாதீக. ஆடிக் காத்துல தீ நிக்காது, பொகையும் உள்ள அடிக்கும், ஒங்களுக்கு ஆகாது. இந்தச் சுவரோரமா வைங்க. ஆட்டுக்கல்லுக்கு இந்த எடம். ஒக்காந்து ஆட்டயில வெளிச்சம் கையில விழும். அந்த மாடத்துல உப்பு வேணாம், ஓதம் அடிக்குது. கெணத்துப் பக்கத்து மரம் இருக்கே, அதுலதேன் காய் நல்லா செவந்துருக்கும்.”

ஒன்றுவிடாமல் சொன்னாள். எஸ்தரின் அம்மா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அம்மா அடுக்களையில் கை நீட்டி நடப்பதைப் பார்த்தால் அவள்தான் வீட்டுக்காரி போலவும், மற்றவர் விருந்தாளி போலவும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அடுத்தவர் வீட்டில் இவ்வளவு பேசுகிறாளே என்று.

அப்போதுதான் எஸ்தர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எல்லோரும் கேட்கும்படி, “அம்மா, இந்த வீட்ட மொத மொத எனக்குக் காட்டுனதே இவதேன்! இவ காட்டலன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது!” என்றாள். எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துத்தான் சொன்னாள்.

வாசலில் நின்ற அத்தை திரும்பினார். “யாரு? இவளா காட்டுனா?”

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“நாந்தேன் அனுப்பிவிட்டேன் மதினி. கூட்டாளிப் புள்ளைக்குப் போயிக் காட்டிட்டு வாடின்னு.”

அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “நாளக் கடத்துனதும் நீ, ஆளக் காட்டிவிட்டதும் நீ. எந்தம்பி எங்கிட்டுத்தேன் முட்டிக்கிறது?” என்றார்.

“ஆமா மதினி” என்றாள் அம்மா.

எஸ்தரின் அம்மா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஆளுக்கொரு துண்டு கேக்கை எங்கள் கைகளில் வைத்தார்.

அத்தை அங்கிருந்தே சின்னமனூருக்கு பஸ் ஏறிவிட்டார். தேனிக்கு அப்பாவின் பஸ் வரும் நேரம்தான். அம்மா, “நடந்துருவோம்” என்றாள். தம்பி அவள் தோளில் தூங்கிவிட்டான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காற்று ஓய்ந்திருந்ததால் ரோட்டோரம் நடக்கச் சுகமாக இருந்தது. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பொய் சொன்னால் நாக்கில் சூடு போடுவேன் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அதுவும் ஜெபம் முடிந்த வீட்டில், வேதப் புத்தகத்தை இன்னும் மூடிக்கூட வைக்கவில்லை.

“ஏம்மா பொய் சொன்ன?”

அம்மா தம்பியின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள். பிறகு, “எம்மேல ஏற்கெனவே ஒண்ணு கெடக்குல்ல. அதோட இதுவும் கெடந்துட்டுப் போகுது” என்றாள்.

ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது என்ன பொய், யாரிடம், எப்போது சொல்லியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே, மீதிக் கேக்கைத் தின்றபடி, தேனி வரைக்கும் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.